கொடுவாவில் ஒரு பங்கு

இந்தக் காலத்து மனிதர்கள் எதையுமே ஒழுங்காகச் செய்வதில்லை என்பது வினாயகமூர்த்தியின் முடிவு.

சோற்றைத் தட்டில் போட்டால் சாப்பிட மாட்டார்கள். முதலில் கைபேசியில் படம் எடுப்பார்கள். அதற்குள் சோறு ஆறிப்போகும். விடிய எழும்பி வியர்க்க வியர்க்க ஓடுவார்கள். அப்படி ஓடி முடித்தவர்கள் சந்திக் கடையில் பாண் வாங்குவதற்கு ஓட்டோவில் போவார்கள்.

இதையெல்லாம் அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது மீன் விஷயத்தில்தான்.

"மனிசன் மீன் பிடிக்கிறது என்னத்துக்கு?" என்று தன் பேத்தி விதுர்ஷாவிடம் கேட்டார்.

"சாப்பிடத்தான், அம்மப்பா."

"ஆ! பத்து வயசுப் புள்ளைக்குத் தெரியுது. அந்த ஷோனுக்குத் தெரியல்லையே!"

ஷோன், மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா ஏர்ல் நல்ல தச்சர். வினாயகமூர்த்தியின் தோணியைச் செய்து கொடுத்தவரே அவர்தான். ஷோன் சிறுவயதிலேயே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இப்போது தலை நரைக்கத் தொடங்கிய பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார்.

வரும்போது ஒரு தூண்டிலும் கொண்டுவந்தார். அப்படி ஒரு தூண்டிலை வினாயகமூர்த்தியின் ஊரான ஆரையம்பதியில் யாரும் கண்டதில்லை. நாணல் போல வளையும் நீளத் தடி. தடித்த மஞ்சள் நூல். கொக்கியில் இறாலும் கிடையாது, புழுவும் கிடையாது. வெறும் இறகைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இதென்ன, மீனுக்குக் காது குடையவா?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

"இது தண்ணிக்குள்ள ஆடும், அங்கிள். மீன் இதைக் குஞ்சு மீன் எண்டு நினைச்சுக் கவ்வும்."

"எங்கட ஆத்து மீன் அவ்வளவு மடையன் இல்ல."

ஆனால் மீன்கள் அவ்வளவு மடையர்களாகத்தான் இருந்தன. கவ்வின. ஷோன் சிரித்துக்கொண்டே இழுத்தார். கையில் பிடித்துப் படம் எடுத்தார். பிறகு, வினாயகமூர்த்தியின் கண் முன்னாலேயே, ஒவ்வொன்றையும் திரும்ப, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்குள் விட்டார்.

ஒன்றா, இரண்டா? கிழவரின் தோணியில் ஏறிப் போன எல்லா நாளும் அப்படித்தான். ஏர்லின் மகனாயிற்றே என்று வினாயகமூர்த்தி வாயை மூடிக்கொண்டு இருந்தார். ஆனால் கரையில் மீன் வெட்டும் வதனி வாயை மூடவில்லை.

"என்ன மாமா, தோணி வெறுமையாக் கிடக்கு? மீனுக்கெல்லாம் படம் எடுத்துக் குடுத்து வீட்டுக்கு அனுப்புறீங்களாமே!"

கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கட வீட்டுக் கோழிக்கும் ஒரு படம் எடுத்துத் தாங்க மாமா!" என்றாள் வதனி.

மறுநாள் விடிந்ததும், தோணியைத் தள்ளுவதற்கு முன்னால், வினாயகமூர்த்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஷோனின் முன்னால் நின்றார்.

"ஷோன், இது உங்கட ஊர்ச் சொகுசுப் படகு இல்ல. ஆத்துத் தோணி. இதுக்கு ஒரு சட்டம் இருக்கு."

"என்ன சட்டம், அங்கிள்?"

"பிடிக்கிற மீன் எல்லாம் பங்கு. தோணிக்கு ஒரு பங்கு. தூண்டிலுக்கு ஒரு பங்கு. ஏறுற ஆளுக்கு ஒவ்வொரு பங்கு."

அது அவர் புதிதாக உண்டாக்கிய கதை அல்ல. வாவியில் தொழில் செய்கிற எல்லோரும் அப்படித்தான் மீனைப் பிரிப்பார்கள். தோணி சும்மா கிடந்து மிதந்தாலும் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு தோணிக்காரருக்குப் போகும். வினாயகமூர்த்தியிடம் ஆயிரம் குறை சொல்லலாம். முன்கோபக்காரர், யாரையும் நம்பமாட்டார், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒழுங்காகப் போகாதவர். ஆனால் பங்கு பிரிப்பதில் பிழை விட்டார் என்று அந்தக் கரையில் ஒருவரும் சொல்ல முடியாது.

ஷோன் விரலை மடித்துப் பார்த்தார்.

"தோணி உங்கட. அப்ப உங்களுக்கு ரெண்டு பங்கு. தூண்டில் என்ட. எனக்கும் ரெண்டு பங்கு. சமன்!"

சமன் என்றதும் வினாயகமூர்த்தியின் முகம் சுருங்கியது. சமன் என்றால் மீனை வெட்டுவதா விடுவதா என்பது இழுபறிதான். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தோணிக்குள் விதுர்ஷா தகரப் பேணியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை.

"அவளுக்கும் ஒரு பங்கு," என்றார் அவர். "தண்ணி இறைக்கிறவளும் ஆள்தானே?"

விதுர்ஷா நிமிர்ந்தாள். "எனக்குமா அம்மப்பா? முழுப் பங்கா?"

"முழுப் பங்கு, மனே. அரையும் இல்ல, காலும் இல்ல."

அவர் ஷோனின் பக்கம் திரும்பினார். "அவரவர் பங்கை அவரவர் என்னவும் செய்யலாம். கறி வைக்கலாம், விக்கலாம், பூனைக்கும் போடலாம். ஆனா ஒண்டு. குடுத்த பங்கைத் திருப்பி வாங்குறது எண்ட பேச்சு இல்ல. அப்படி வாங்கினவனோட மறுகா ஒருத்தரும் தோணி ஏற மாட்டாங்க."

"சரி அங்கிள். சம்மதம்," என்று ஷோன் கையை நீட்டினார்.

வினாயகமூர்த்தி அந்தக் கையைக் குலுக்கினார். இரண்டும் ஒன்றும் மூன்று. மூன்றுக்கு இரண்டு. மீன் இனிச் சட்டிக்குள்தான் என்று அவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

"மகள்!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். விதுர்ஷாவின் அம்மா கேதீஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "கறிக்கு அரைச்சு வை! பெரிய மீன் வருகுது!"

பிறகு வதனியைப் பார்த்தார். "நீ பெரிய கத்தியைத் தீட்டி வை!"

"கத்தி எப்பவும் தீட்டித்தான் கிடக்கு மாமா. மீன்தான் கிடைக்கல்ல," என்றாள் வதனி.

வானம் மூடிக் கிடந்தது. சில நாட்களாக மேற்கே நல்ல மழை. வாவி நிறைந்து, தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மரங்களின் கால்வரை வெள்ளம் ஏறியிருந்தது.

"இப்படியே ஏறினா ஆத்துவாயை வெட்டுவாங்க," என்றார் வினாயகமூர்த்தி.

"எதுக்கு வெட்டுவாங்க?" என்று ஷோன் கேட்டார்.

விதுர்ஷா முந்திக்கொண்டாள். "கடலுக்கும் ஆத்துக்கும் நடுவில மணல் மூடிக் கிடக்கு. அதை வெட்டினாத்தான் வெள்ளம் கடலுக்குப் போகும். இல்லாட்டி எங்கட வீட்டுக்குள்ள வரும். போன முறை எங்கட குசினிக்குள்ள நண்டு வந்தது!"

"அந்த நண்டுக்குப் பங்கு குடுத்தீங்களா?" என்று ஷோன் கேட்டார். விதுர்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். வினாயகமூர்த்தி சிரிக்கவில்லை. சட்டத்தைக் கேலி செய்வது அவருக்குப் பிடிக்காது.

கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் இடத்துக்குத் தோணி போய்ச் சேர்ந்தது. ஷோன் எழுந்து நின்று தூண்டிலை வீசினார். மஞ்சள் நூல் முன்னும் பின்னும் சுழன்றது.

முதல் வீச்சில் அகப்பட்டது வினாயகமூர்த்தியின் தலைத்துவாய்.

"ம்ம்," என்றார் அவர். "இதையும் ஒரு படம் எடுத்துப்போட்டு ஆத்துல விடுங்க."

"அதுக்கும் பங்கு உண்டா அம்மப்பா?" என்று கேட்டாள் விதுர்ஷா.

"வாயை வைச்சுக்கொண்டு தண்ணியை இறை!"

வெயில் மேகத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்தபோது அது நடந்தது. கண்ணா வேருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒருமுறை குமிழ்விட்டது. மஞ்சள் நூல் விறைத்தது. ஷோனின் தடி வில்லாக வளைந்தது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் எழும்பியது. வெள்ளித் தகடு போல மின்னியது. தலையை இரண்டு பக்கமும் உதறியது. பிறகு ஒரு வாழைக்குலையைத் தூக்கிப் போட்டதுபோல் தண்ணீரில் விழுந்தது.

"கொடுவா!" என்று வினாயகமூர்த்தி கத்தினார். "கொடுவாடா! நூலை விடு! விடு! ஐயோ, இப்ப இழு! வேருக்குள்ள போக விடாத!"

தானே பிடிப்பதுபோல் அவர் துள்ளினார். துடுப்பை அப்படிப் போட்டார், இப்படிப் போட்டார். ஷோன் மரியாதையெல்லாம் மறந்து "பேசாம இருங்க அங்கிள்!" என்று கத்தினார். விதுர்ஷா தோணியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மீன் ஓடியது, வந்தது, மறுபடியும் ஓடியது. கடைசியில் களைத்துப்போய்த் தோணியின் பக்கத்தில் வந்து சாய்ந்தது. விதுர்ஷா கைவலையை அதன் அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டாள்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

எவ்வளவு பெரிய மீன்! நிமிர்த்தி வைத்தால் விதுர்ஷாவின் தோள்வரை வரும். வலைக்குள் அடங்காமல் வால் வெளியே கிடந்தது. கண் மாணிக்கக்கல் போலச் சிவந்து பளபளத்தது.

"இப்படி ஒண்டைக் கண்டு எவ்வளவு காலம்," என்று வினாயகமூர்த்தி மெல்லச் சொன்னார். வதனியின் முகம் போகப்போகிற போக்கை நினைத்துப் பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல்.

"வலையோட தூக்கு, மனே."

"பொறுங்க அங்கிள்," என்றார் ஷோன். "இது பெண் மீன். வயித்தைப் பாருங்க. விட்டுருவம்."

"பெண்ணெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இவ்வளவு பெரிசெண்டா பெண்தான். கொடுவா சின்னதில ஆணா இருக்கும். வளந்த மறுகாதான் பெண்ணா மாறும். படிச்சவங்க கண்டுபிடிச்சிருக்காங்க."

வினாயகமூர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆணாப் பிறந்து பெண்ணாகுமாம்! அப்ப நான் எப்ப இவளுக்கு அம்மம்மா ஆகப்போறன்?"

விதுர்ஷா சிரித்தாள். ஆனால் அவள் கை மீனின் வயிற்றில் இருந்தது. வயிறு ஊதி, இறுகி இருந்தது. உள்ளே சினை நிறைந்து கிடந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மீன் சினைப் பொரியல் என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் யாருக்கும் மிச்சம் வைக்க மாட்டாள்.

"ஷோன் மாமா, விடுறதெண்டா ஏன் பிடிச்சீங்க?" என்று திடீரென்று கேட்டாள்.

"அது... ஒரு சந்தோசம்."

"உங்களுக்குச் சந்தோசம். அதுக்கு?"

"கேளு மனே, நல்லாக் கேளு!" என்று வினாயகமூர்த்தி தொடையில் தட்டினார். "வாயில கொக்கியைக் குத்தி, இழுத்து, களைக்க வைச்சு, மறுகா போ எண்டு விடுறதாம். நான் மீனைக் கொல்லுறன்தான். ஆனா அதோட விளையாடுறல்ல. தின்னுறன். எது பெரிய பாவம்?"

ஷோன் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு அங்கிள். எனக்குப் பதில் தெரியல்ல. ஆனாலும் இதைக் கொல்ல மனம் வரல்ல."

"மனம் வராட்டி உங்கட ரெண்டு பங்கை நீங்க தின்ன வேணாம். பூனைக்குப் போடுங்க. எங்கட மூண்டு பங்கு சட்டிக்குப் போகும். என்ன மனே?"

விதுர்ஷா மீனின் செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மப்பா, இது எங்க போய்க்கொண்டிருந்தது?"

"எங்க போகும்? ஆத்துவாய்க்குத்தான். இந்த மழைக்குக் கொடுவா உப்புத் தண்ணி தேடிப் போகும். அங்கதான் முட்டை போடும்."

"போன வருசம் நமக்கு ஒரு கொடுவாவும் படல்ல எண்டு ஏசினீங்களே?"

"அது சின்னக் கண் வலை போடுற கள்ளப் பயல்களால. குஞ்சையும் விடுறாங்க இல்ல, தாயையும் விடுறாங்க இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ உறுத்தியது. தொண்டையைச் செருமினார்.

"அது வேற கதை. நாம ஒண்டுதானே பிடிச்சம். இஞ்ச பார் மனே, பங்கை இப்பவே பிரிச்சிடுவம். உனக்கு எந்தப் பங்கு வேணும்? தலையா?"

"வேணா."

"நடுத்துண்டு?"

"வேணா."

பேத்தியின் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்ததும் கிழவரின் மனம் இளகிவிட்டது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"சரி, சினை உனக்கு," என்றார் பெரிய மனதுடன். "முழுச் சினையும் உனக்கு. உன்ட அம்மாவுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. போதுமா?"

விதுர்ஷா தலையை நிமிர்த்தினாள்.

"முழுசும் என்டதா?"

"முழுசும்."

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு! ஷோன் சாட்சி!"

விதுர்ஷா எச்சில் விழுங்கினாள். ஒரு கணம் பொரித்த சினையின் வாசம் அவள் மூக்கில் வந்து போயிருக்கும். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப என்ட பங்கு ஆத்துவாய்க்குப் போகட்டும், அம்மப்பா."

"என்ன?"

"என்ட சினை. அதை நான் தின்னப் போறல்ல. அது குஞ்சாகட்டும். நீங்க உங்கட பங்கை வெட்டி எடுங்க. ஷோன் மாமாவும் எடுக்கட்டும். என்ட பங்குக்கு மட்டும் ஒண்டும் ஆகக்கூடாது."

"மடைச்சி! தாயை வெட்டினா உன்ட சினை எப்படிக் குஞ்சாகும்?"

"அதுதான் அம்மப்பா, எனக்கும் தெரியல்ல," என்றாள் விதுர்ஷா. அவள் குரலில் குறும்பு இல்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. "வேற வழி இருந்தா நீங்க சொல்லுங்க."

தோணி சற்றே ஆடியது. ஷோன் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவரது முதுகு மட்டும் குலுங்கியது.

வினாயகமூர்த்தி மீனைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். மறுபடியும் மீனைப் பார்த்தார். சட்டத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். தலையைத் தா என்று கேட்டிருந்தால் வெட்டிக் கொடுத்திருக்கலாம். சினையைத் தானே வாய் திறந்து கொடுத்தார். சாட்சியும் தானே வைத்தார். கொடுத்த பங்கைத் திருப்பி வாங்கலாமா? இவ்வளவு காலமும் வாங்காத மனிதர், இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளையிடமா வாங்குவது?

"நான் அவளை ஆள் எண்டு கணக்குப் பண்ணினதுதான் பிழை," என்று முணுமுணுத்தார்.

பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணா மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்னவும் செய்யுங்க. நான் பாக்க மாட்டன்."

ஷோன் குனிந்து கொக்கியைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்தார்.

"படம் எடுக்க வேணா, ஷோன் மாமா. அதுக்கு மூச்சு முட்டுது."

"ஒரே ஒரு படம். இப்படி ஒரு மீன் நான் வாழ்க்கையில பிடிச்சதில்ல. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"நம்பாட்டிப் போகட்டும்."

ஷோன் பெருமூச்சு விட்டார். கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் பூட்டினார்.

விதுர்ஷா இரண்டு கைகளாலும் மீனைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்தாள். அது பக்கவாட்டில் சாய்ந்தது. மறுபடியும் நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்ந்தது. அவள் முகம் வெளிறிப் போயிற்று.

"அம்மப்பா, நீந்துதில்ல!"

பார்க்கமாட்டேன் என்றவர் திரும்பிப் பார்த்தார்.

"செத்தா உன்ட பங்கும் போச்சு, என்ட கறியும் போச்சு," என்று உறுமினார். "விட்டுராத. பிடிச்சுக்கொண்டே இரு."

தோணி காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் துடுப்பை ஊன்றி அதை நிறுத்தினார். விதுர்ஷா மீனின் வாயில் தண்ணீர் போகும்படி மெல்ல முன்னும் பின்னும் அசைத்தாள். அவள் கை விறைத்தது. ஷோன் "நான் பிடிக்கட்டா?" என்று கேட்டார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

மெல்ல, மிக மெல்ல, வால் ஒருமுறை அசைந்தது. பிறகு ஓங்கி ஒரு அடி! விதுர்ஷாவின் முகம் முழுக்கத் தண்ணீர். அவள் துடைத்துவிட்டுப் பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லை. கலங்கிய தண்ணீரில் ஒரு நெளிவு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"போயிட்டுது!" என்று அவள் கைதட்டினாள்.

"ஓம், என்ட கறி போயிட்டுது," என்றார் வினாயகமூர்த்தி.

விதுர்ஷா அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "கறிக்குப் பிடிப்பம், அம்மப்பா. உங்கட வீச்சுவலை கிடக்குத்தானே? சின்ன ஒட்டி மீன் போதும். அம்மா அரைச்சு வைச்சிருப்பா. ஷோன் மாமா, நீங்களும் வலை வீசுங்க. தின்னப் பிடிக்கிற மீனை நீங்களும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்க."

ஷோன் வலையை வீசினார். அது விரியாமல் சுருண்டு அவர் தலையிலேயே விழுந்தது. வினாயகமூர்த்திக்கு கொடுவா போன பிறகு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

"இது ஆண் மீனா, பெண் மீனா?" என்று கேட்டார். "வலைக்குள்ள நல்லா வளந்த ஒண்டு நிக்குது!"

ஒட்டி மீன் கிடைத்தது. கறிக்கு அளவாகக் கிடைத்ததும் விதுர்ஷா போதும் என்றாள். ஐந்து பங்காகப் பிரித்தார்கள்; தூண்டிலின் பங்கு இப்போது வலைக்கு. ஷோன் தன் ஒரு பங்கைப் பொலித்தீன் பையில் சுற்றி, தங்கியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்றையும் விடவில்லை.

கரையில் வதனி கத்தியுடன் காத்திருந்தாள்.

"எங்க மாமா பெரிய மீன்?"

"பிடிச்சம். இவ்வளவு பெரிய கொடுவா." வினாயகமூர்த்தி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"படம் எங்க?"

"படம் எடுக்கல்ல."

"மத்த நாளெல்லாம் விரலளவு மீனுக்கும் படம்! இண்டைக்கு மட்டும் படம் இல்லையாம்!" வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கையை இன்னும் கொஞ்சம் விரியுங்க மாமா, திமிங்கிலமாகட்டும்!"

வினாயகமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒட்டிக் கறி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கொடுவா, கொடுவா என்று பெருமூச்சு விட்டார்.

"செய்தது பிழையா அம்மப்பா?" என்று விதுர்ஷா கேட்டாள்.

"பிழை எண்டு நான் சொல்லல்ல. சரி எண்டும் சொல்லமாட்டன். நீ விட்டாய். அடுத்த குடாவில எவனாவது அள்ளியிருப்பான்."

"அள்ளினா அவன் சாப்பிடட்டும். என்ட கையால சாகல்லத்தானே."

அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

ஷோன் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போனார். மழை விடவில்லை. வெள்ளம் வேலியடிக்கு வந்தபோது முகத்துவாரத்தில் மணலை வெட்டினார்கள். அதைப் பார்க்க ஊரே திரண்டது. விதுர்ஷா அழுது அடம்பிடித்து அம்மப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பார்க்க வேண்டிய காட்சிதான். செந்நிற வெள்ளம் மணலைக் கரைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கொக்குகள் வரிசையாக நின்றன. கொக்குகளைவிட நெருக்கமாக மனிதர்கள் வலையுடன் நின்றார்கள்.

"கண்டியா?" என்றார் வினாயகமூர்த்தி. "இத்தனை வலை. உன்ட மீன் இதுக்குள்ளால எப்படிப் போகும்?"

விதுர்ஷாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்போது தூரத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. "கொடுவா! பெரிய கொடுவா!"

விதுர்ஷா ஓடத் தொடங்குவதற்குள் வினாயகமூர்த்தி ஓடிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். சனத்துக்குள் தலையை நுழைத்தார். மீனைப் புரட்டிப் பார்த்தார். வாயைப் பிளந்து கொக்கிக் காயம் இருக்கிறதா என்று உதட்டைத் தடவினார். வாலை முழத்தால் அளந்தார்.

"யோவ், வாங்கப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா?" என்று வலைக்காரன் கத்தினான்.

இன்னொரு இடத்தில் இன்னொரு கொடுவா அகப்பட்டது. அவர் அங்கேயும் ஓடினார்.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். விதுர்ஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கா, அம்மப்பா?"

"இல்ல. எல்லாம் சின்னன்."

"அப்ப கடலுக்குப் போயிட்டுது!" அவள் துள்ளினாள்.

"போயிட்டுதெண்டு நான் சொன்னனா? இல்லையெண்டுதான் சொன்னன்."

"அப்ப ஏன் ஓடி ஓடிப் பாத்தீங்க?"

"சும்மா பாத்தன். மனிசன் மீன் பாக்கக்கூடாதா?"

அவர் துவாயை உதறித் தோளில் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நடக்கத் தொடங்கினார். பிடித்த மீனை விடுவதாம். விட்ட மீனை நினைத்துச் சிரிப்பதாம். எந்தக் காலத்திலும் கண்டதுண்டா? ஒரு முழுக் கொடுவாக் கறி அநியாயமாகப் போயிற்று என்று போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே அவர் நடந்தார். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது அந்த மீன் இன்னும் கொஞ்சம் பெரிதாக வளர்ந்துகொண்டே போனது.